ஜவுளிக் கடைக்குள்ளேயே எடிட்டராகவும் டிசைனராகவும் இருப்பது

ஒரு நிறுவனத்துக்குள்ளேயே முழுநேர வீடியோ எடிட்டராகவும் கிராஃபிக் டிசைனராகவும் பணியாற்றுவது எப்படி இருக்கும், ஏஜென்சி வேலையிலிருந்து அது எப்படி மாறுபடும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் ஏழு ஆண்டுகளாக இந்த இரண்டு வேலைகளையும் நான் ஒருவனே பார்த்து வருகிறேன். அதற்கு முன் மூன்று ஆண்டுகள், பல நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் விளம்பர ஏஜென்சியில் இருந்தேன். அங்கே நாம் செய்த பிழை ஃபைலோடு வெளியே போய்விடும். இங்கே அது வாடிக்கையாளரின் போனில் ஏறி, மறுவாரம் கடைப் படியேறி வந்து நம்மையே தேடும்.

சேர்ந்த புதிதில் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்றை முப்பது விநாடி ரீலாக வெட்டினேன். பாவில், அதாவது நீளவாக்கு நூலில், ஒரு நிறமும் ஊடையில், அதாவது குறுக்கு நூலில், வேறொரு நிறமும் ஓடுவதால், மடிப்பில் நீலமாகவும் விரிப்பில் பச்சையாகவும் மாறி மாறித் தெரிவதுதான் அந்தப் புடவையின் அழகே. நானோ வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டு எடுத்து, பளிச்சென்று இருக்கட்டும் என்று சாச்சுரேஷனையும் (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றிவிட்டதால், திரையில் அது அப்பட்டமான நீலமாக வந்திருந்தது. சில நாள் கழித்து, மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க வந்த ஓர் அம்மா, விற்பனையாளர் விரித்துப் போட்ட புடவையையும் கையிலிருந்த போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ஏனுங் தம்பி, போன்ல நீலமா இருந்துச்சு, இங்க பச்சையடிக்குதுங்களே?” என்றார். என்னைக் கீழே அழைத்தார்கள். போய் நின்றேன், சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து கலர் கரெக்‌ஷன் செய்யும்போது அந்தப் புடவை என் மேசைமேல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பார்ப்பேன், மானிட்டரைப் பார்ப்பேன், மீண்டும் துணியைப் பார்ப்பேன். இரட்டை நிறப் புடவை என்றால், ஒரு கை முந்தானையை மெதுவாகத் திருப்பும் ஷாட்டை நான்கு விநாடியாவது வெட்டாமல் விடுகிறேன். வேகமான கட்களைக் கேட்கும் இளைய முதலாளிக்கு அது பிடிக்காது என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஏஜென்சியில் இருந்தவரை எனக்கு அரக்கும் மெரூனும் ஒன்றுதான். பொருளோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவனுக்கு மட்டும் கிடைக்கும் படிப்பு இது. இந்த வேலையின் பெரிய லாபமும் இதுவே.

வீடியோவில் தேறினாலும் அச்சில் இதே நிறம் மறுபடி மல்லுக்கு நிற்கும். திரையில் மின்னும் ராணி பிங்க் நிறத்தை அச்சு மையின் நான்கு நிறங்களைக் கொண்டு அப்படியே கொண்டுவர முடியாது. சற்று மங்கித்தான் வரும். இதை முதலாளியிடம் அச்சடித்த பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தெரியும் என்பதால், முன்கூட்டியே ஒரு தாளில் மாதிரி எடுத்துக் காட்டிவிடுவது என் வழக்கம். கடைக்குள் எடுக்கும் வீடியோவில் எல்.இ.டி. விளக்குகள் கோடு கோடாக ஓடுவதும் இப்படி முன்பே தடுக்கக்கூடிய தொல்லைதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் கேமராவின் ஷட்டர் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு விநாடியில் வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தமிழ் எழுத்துரு தனிக் கதை. ஃபோட்டோஷாப்பில் இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ அமைப்பு இல்லாவிட்டால், யூனிகோடில் தட்டிய ‘பொங்கல்’ கொம்பு இடம் மாறி அலங்கோலமாக விழும். பழைய அச்சகங்கள் சிலவற்றிலோ இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளும்தான் ஓடுகின்றன. அதனால் எதை அனுப்பினாலும் எழுத்தைக் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்புகிறேன். அப்படி ஆக்கியபின் பிழை திருத்த முடியாது என்பதால், தள்ளுபடி சதவீதத்தையும் தேதியையும் கடையில் வேறு ஒருவர் வாய்விட்டுப் படித்த பிறகே ஃபைல் வெளியே போகும்.

இரண்டு வேலைகளையும் ஒருவரே செய்ய முடியுமா என்றால், முடியும். ஆனால் அவை ஓடும் வேகம் வேறு. எடிட்டிங்குக்கு மூன்று மணி நேரமாவது கலையாமல் உட்கார வேண்டும். டிசைன் வேலையோ ‘தம்பி, இந்த விலையை மட்டும் மாத்திக் குடு’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டும். நான் காலைப் பொழுதை எடிட்டிங்குக்கு ஒதுக்கி, சின்னச் சின்னத் திருத்தங்களை உணவு இடைவேளைக்குப் பின் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி நேரத்திலும் இந்த ஏற்பாடு காற்றில் பறந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புதிதாக வந்த சினிமாப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்பார்கள். கடையின் விளம்பரத்துக்கு உரிமம் இல்லாத பாட்டைப் பயன்படுத்த முடியாது என்பதை எத்தனை முறையானாலும் பொறுமையாகச் சொல்லத்தான் வேண்டும்.

சேருமுன் இரண்டு விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணியின் பகுதியாக நீங்கள் உருவாக்குவதற்கு முதல் உரிமையாளர் நிறுவனமே. ஆகவே உங்கள் படைப்புகளைப் போர்ட்ஃபோலியோவில் காட்ட எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரு டிசைனுக்கு இறுதி ஒப்புதல் தரப்போகிறவர் யார், அவர் ஒருவர்தானா என்று கேளுங்கள். நான் கேட்காமல் சேர்ந்தேன். முதல் ஆடியில், இருபதடி பேனர் ஒன்றுக்குப் பெரிய முதலாளி சிவப்பு என்றார், மகன் பொன்னிறம் என்றார், ஊரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை லோகோவைப் பெரிதாக்கச் சொன்னார். பதினோராவது திருத்தம் முடிந்து ஃபைல் அச்சகத்துக்குப் போனபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.