டிரெய்லர் இழுக்க எந்த பிக்கப்?

கேள்வி: கம்ப்ரசர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் வேலைக்குச் செல்கிறேன். புதிய பிக்கப்பை டூ வீல் டிரைவில் வாங்கலாமா, ஃபோர் வீல் டிரைவிலா?
— வாசகர், வேலூர்

பதில்: தார்ச்சாலைக்கு டூ வீல் டிரைவ், அதாவது பின்சக்கர இயக்கமே போதும், டிரெய்லரின் முன்பாரம் கொக்கியை அழுத்துவதால் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் கூடவே செய்யும். ஃபோர் வீல் டிரைவ் பிரேக்கை வலுப்படுத்தாது. வண்டியின் எடையும் டீசல் செலவும்தான் ஏறும். ஆனால் பாலாற்று மணலிலோ, மழை நனைத்த களிமண் நிலத்திலோ நின்ற இடத்திலிருந்து பாரத்தைக் கிளப்பும்போது, பின்சக்கரம் சுழன்று குழி பறிக்குமானால், முன்சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதும், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 'லோ' கியரும்தான் கைகொடுக்கும். அது எப்போதாவதுதான் என்றால், டிராக்டரை வாடகைக்கு அழைப்பதே மலிவு என்பேன். ஃபோர் வீல் டிரைவ் வாங்கினாலும், நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கர அமைப்பு) இல்லாத வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டாதீர்கள். திருப்பங்களில் பற்சக்கரங்கள் முறுக்கேறித் தேயும்.