பழைய பிக்கப் வாங்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்து முருங்கையையும் சின்ன வெங்காயத்தையும், அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் காய்கறிகளையும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோக, நான்கு லட்ச ரூபாய்க்குள் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்க எண்ணியுள்ளேன். நாளொன்றுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல் சுமை இருக்கும். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் நிற்கும் 2018 மாடல். புதுப் பெயிண்ட் அடித்துள்ளார்கள், மீட்டரில் 71,000 கிலோமீட்டர் காட்டுகிறது. மற்றது, பால் கேன் ஏற்றும் ஒருவரிடம் உள்ள 2016 மாடல்; 1,80,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம், ஐயா?
– ஒரு விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வண்டியை நேரில் பார்க்காமல் இதைத்தான் வாங்குங்கள் என்று எழுதுவது முறையாகாது. ஆனால் எதை முதலில் போய்ப் பார்ப்பது என்று கேட்டால், பால் வண்டியை என்றே சொல்வேன். பால் ஏற்றும் வண்டி ஆண்டு முழுவதும் ஒரே வழித்தடத்தில், ஏறத்தாழ ஒரே எடையோடு ஓடுவது. ஒருநாள் நடுவழியில் நின்றுவிட்டால் அத்தனை பாலும் கெட்டுப்போகும் என்பதால், அதன் உரிமையாளர் ஆயில் மாற்றுவதையும் கிளட்ச் பார்ப்பதையும் தள்ளிப்போடுவது அரிது. மற்ற வண்டியின் 71,000 கிலோமீட்டர் என்பது ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம்தான். நாள் கணக்கில் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. தவணை கட்டி வாங்கிய ஒரு சரக்கு வண்டி இவ்வளவு குறைவாக ஓடியிருக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு மேல் ஓடவில்லை என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் விற்பவர். அந்த வண்டி எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவுகளைக் காட்டச் சொல்லுங்கள். பெடல் ரப்பர்கள் வழவழப்பாகத் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் நைந்திருந்தால், மீட்டர் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம்.

உங்கள் சுமைக்கு எந்த வகை வண்டி ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் ஊரில் குட்டியானை என்று பெயர் பெற்ற வண்டி, மிக நல்ல வண்டிதான். ஆனால் தொடக்கத்தில் வந்த டீசல் ஏஸுக்கு 702 சிசி அளவில் இரண்டு சிலிண்டர் இன்ஜின், டர்போ கிடையாது, ஏற்றக்கூடிய எடை 750 கிலோ. அதில் தினமும் ஒரு டன்னுக்கு மேல் ஏற்றினால் ஓராண்டுக்குள் இன்ஜினையும், சுமையைத் தாங்கும் வில் தகடுகளான பட்டையையும் நீங்களே கெடுத்துவிடுவீர்கள். 2011-இல் வந்த, 1.25 டன் தாங்கும் அசோக் லேலண்ட் தோஸ்த்தோ, 2.5 லிட்டர் இன்ஜின் கொண்ட மஹிந்திரா பொலேரோ பிக்கப்போதான் உங்களுக்குப் பொருந்தும். இந்த இரண்டுக்கும் நம் பக்கத்தில் சிறு ஊர்களில்கூட உதிரிபாகமும் கை தேர்ந்த மெக்கானிக்கும் கிடைப்பது பெரிய வசதி.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பழைய பிக்கப்பைப் பொறுத்தவரை ஆண்டு, கிலோமீட்டர், பெயிண்ட் ஆகிய மூன்றையும்விட, அது இதுவரை என்ன சுமந்தது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். செங்கல், எம்-சாண்ட், கம்பி என்று அளவுக்கு மீறி ஏற்றிய வண்டியின் உடம்பில் அதன் தடயம் இல்லாமல் போகாது. பின்பக்கப் பட்டைகளை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததற்கு மேல் ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்தது என்று பொருள். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை தளர்ந்திருக்கிறது அல்லது வண்டியின் அடிச்சட்டமான சேஸ் வளைந்திருக்கிறது. பிறகு டார்ச் விளக்கோடு அடியில் சென்று, கேபினுக்குப் பின்புறம் தொடங்கி, பட்டை மாட்டியிருக்கும் ஹேங்கர்கள் வரை இரண்டு சேஸ் சட்டங்களையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். வெல்டிங் மேடு, ஒட்டுப்போட்ட தகடு, ஓரிடத்தில் மட்டும் தடித்த கறுப்புப் பெயிண்ட் இவற்றில் எது தட்டுப்பட்டாலும் விலையைக் குறைத்துப் பேச முற்படாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளாகச் சரக்கு வண்டிப் பட்டறையில் இருக்கும் நானே, என் உறவினர் ஒருவருக்காக ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது, மழை பெய்து தரை சேறாக இருந்ததால் அடியில் படுக்காமல், இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதம் கழித்து, சுமையோடு போய்க்கொண்டிருந்தபோது பின் அச்சுக்குச் சற்று முன்னால் வலது சேஸ் சட்டம் பிளந்தது. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பழைய வெல்டிங். யாருக்கும் அடிபடவில்லை என்பது மட்டுமே ஆறுதல். அந்த உறவினரின் இரண்டாண்டுச் சேமிப்பு அதில் போனது.

இன்ஜினைப் பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை என்பதை மறைக்கிறார்கள் என்று ஐயப்படலாம். ஸ்டார்ட் ஆனதும் வரும் நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும்; சூடான பிறகும் விடாமல் வரும் வெண்புகை தண்ணீர் சிலிண்டருக்குள் போவதைக் காட்டும்; அப்படியானால் ஹெட் கேஸ்கட்டை ஐயப்பட வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியை இன்ஜின் ஓடும்போதே திறந்து பாருங்கள். ரயில் இன்ஜின் போல விட்டுவிட்டுப் புகை தள்ளினால் அதைத்தான் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன என்பதே அதன் பொருள். இன்ஜின் வேலைக்குப் பெருந்தொகை ஆகும்.

ஓட்டிப் பார்ப்பதைக் காலி வண்டியோடு முடித்துவிடாதீர்கள். ஏழெட்டு மூட்டையாவது ஏற்றி, ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஒரே சீராக ஊளையிடும் ஓசை வந்தால், பின் அச்சின் நடுவே உள்ள ஹவுசிங் என்னும் கூட்டுக்குள் கிரவுன் பினியன் என்னும் பல்சக்கரங்களோ பேரிங்கோ தேய்ந்திருக்கும். இவற்றில் கிளட்ச் பிளேட் ஒரு நாள் வேலை, அதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம், ஹவுசிங் அப்படியல்ல.

கடைசியாக ஒன்று. நான்கு லட்சம் கையில் இருந்தால் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். 2016 மாடலுக்கு இனி ஆண்டுதோறும் அந்தச் செலவு உண்டு. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள்; 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பூ, அதாவது டயரின் மேல்வரி, நன்றாகத் தெரிந்தாலும் ஆறேழு வயதான டயரை நம்பிச் சுமை ஏற்றக் கூடாது.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தோஸ்த் வண்டி மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. மளிகைச் சாமான் விநியோகத்துக்காக என் கணவர் வாங்க நினைக்கிறார். விலை இவ்வளவு குறைவாக இருப்பதே எனக்குத் தயக்கமாக உள்ளது.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தங்கள் தயக்கம் நியாயமானது. அது மீன் ஏற்றிய வண்டியா என்பதை முதலில் கேளுங்கள். மீன் பெட்டியிலிருந்து கரையும் ஐஸ் தண்ணீர் உப்போடும் கசடோடும் நாள்தோறும் சுமை ஏற்றும் தொட்டியின் இடுக்குகள் வழியாகச் சேஸின் மேல் சொட்டுகிறது. அந்த உப்பு ஈரம் இரும்பை உள்ளிருந்து அரித்துக்கொண்டே போகும். தொட்டியின் அடித்தகட்டைப் புதிதாக மாற்றியிருப்பார்கள், அதனால் மேலே ஒன்றும் தெரியாது. ஒரு சிறு சுத்தியலால் சேஸ் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலித்துத் துரு உதிரும். பிரேக் ஆயில் செல்லும் குழாய்களையும் பார்க்க வேண்டும். அவை துருவேறியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

இதோடு சேர்த்து வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் சென்னையிலும், பின்னர் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துருவும், ஃபியூஸ் பெட்டிக்குள் வண்டலும் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியின் வயரிங் எப்போது கைவிடும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

கேள்வி: பிஎஸ்-4 வண்டி வாங்குவதா, பிஎஸ்-6 வாங்குவதா? நகருக்குள்ளேயே தண்ணீர் கேன் போடும் தொழில் எனக்கு.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பிஎஸ்-4, பிஎஸ்-6 என்பவை வண்டிப் புகையின் மாசைக் கட்டுப்படுத்தும் விதிகள். பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த வகை டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்னும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ள அதற்கு வெப்பம் தேவை. வண்டி சற்று நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது நடக்கும். தெருவுக்குத் தெரு நிறுத்தி எடுக்கும் உங்கள் தொழிலில் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, நன்றாக வைத்திருந்த பிஎஸ்-4 டீசல் வண்டியோ, உங்கள் சுமை குறைவென்றால் சிறிய பெட்ரோல் வண்டியோ உங்களுக்குத் தோதாக இருக்கும். பிஎஸ்-6 வண்டியை வாங்குவதானால், சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகின்றனவா என்று பாருங்கள். முதலிலேயே ஒரு விளக்கு எரியவில்லையென்றால் அதன் இணைப்பைத் துண்டித்திருக்கலாம்.

கேள்வி: தவணை கட்டாததால் ஃபைனான்ஸ் நிறுவனம் எடுத்துக்கொண்ட சீஸிங் வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வாங்கலாம், ஆனால் அவை உள்ளது உள்ளபடி என்ற அடிப்படையில் விற்கப்படுபவை, பின்னால் குறை சொல்ல இடமில்லை. தவணை கட்ட இயலாதவர் பராமரிப்புக்கும் பணமில்லாமல் தவித்திருப்பார் என்பதை மறக்க வேண்டாம். மாதக்கணக்கில் வெயிலில் நின்றதால் பேட்டரி இறங்கியிருக்கும், டயரில் வெடிப்பு விட்டிருக்கும், பிரேக் சிலிண்டர்கள் பிடித்துக்கொண்டிருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். வரியும் இன்ஷூரன்ஸும் எஃப்.சி.யும் எந்த நாளோடு நின்றுள்ளன என்பதை எம்-பரிவாகன் செயலியில் பார்த்து, அந்த நிலுவைகளை விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கப் படிவம் 35-உம் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்காமல் முழுப் பணத்தைக் கட்டாதீர்கள்.

கேள்வி: என்னிடம் சாதாரண கார் லைசென்ஸ்தான் உள்ளது. பிக்கப் ஓட்டலாமா? பெர்மிட் வேண்டுமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியுள்ளது. சுமையோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஒரே பெயருள்ள வண்டியிலேயே சில வகைகள் அந்த அளவைத் தாண்டும் என்பதால், ஆர்.சி.யில் எழுதியுள்ள எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் பிக்கப்பை விற்று இரண்டு ஆண்டாகிறது. வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை. அபராதக் குறுஞ்செய்திகள் எனக்கே வருகின்றன. என்ன செய்வது?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இதில் இருக்கிறது. அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. இன்ஷூரன்ஸும் காலாவதியாகியிருந்தால் உங்கள் வீடும் நிலமும் வழக்கில் சிக்கக்கூடும். மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் விற்பனையைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டாலும் இப்போதே, விற்பனை ஒப்பந்தத்தின் நகலையும் வாங்கியவர் முகவரியையும் இணைத்து, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். அதற்கும் அவர் அசையாவிட்டால், வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு காவல் நிலையத்திலும் மனுக் கொடுத்து வையுங்கள்.

இனி வண்டி விற்பவர்கள், வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டுச் சாவியோடு கொடுத்துவிடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் வாங்குபவரின் பெயரையும் தேதியையும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். அவரோடு ஒரு முறை நீங்களும் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள், ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை பேசிய தொகையில் ஒரு பகுதியை இருவரும் நம்பும் மூன்றாமவரிடம் நிறுத்தி வையுங்கள்.