போர்வையின் அடியில் தொங்கும் நூல்

கேள்வி: வீட்டில் லாங்ஆர்ம் (நீண்ட கையுள்ள தையல் இயந்திரம்) சட்டகத்தில் ஏற்றி 90 அங்குல அகலக் குயில்ட் போர்வை (இரு துணிகளுக்கு நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைப்பது) தைக்கிறேன். வளைவுகளில் மட்டும் மேல்நூல் அடிப்புறம் கண்ணி கண்ணியாகத் தொங்குகிறதே, ஏன்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மேல்நூலின் இழுவிசை தளர்ந்திருக்கலாம், அல்லது வளைவில் உங்கள் கைவேகம் கூடி ஊசி வளையலாம். முதலில் பாபின் (அடிநூல் சுற்றிய உருளை) இழுவிசையைச் சரிபார்த்து, அதன் பிறகே மேல்நூலின் இழுவிசைத் திருகைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஓரத்தில் மிஞ்சும் துணியில் வட்டங்கள் தைத்துப் பாருங்கள். அடித்துணியையும் பஞ்சு விரிப்பையும் நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விடச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். சட்டகத்தில் துணியை மத்தளத் தோல்போல் இறுக்குவது பலரும் செய்யும் தவறு: அடியிலிருந்து விரலால் தள்ளினால் மேலிருந்து அந்த விரலைப் பிடிக்க முடிகிற அளவு தளர்வு வேண்டும். கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் ஊசி துருப்பிடித்திருக்கவும் கூடும்; போர்வைக்கு ஒரு புது ஊசி போடுங்கள்.