வலி எட்டு என்கிறார், போனில் சிரிக்கிறார்: ஊசி போடலாமா?

களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ் ஏறி எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய் நர்சிங் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “ஒரு நோயாளிக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள். வலி பத்துக்கு எட்டு என்கிறார், ஆனால் போனில் சிரித்துப் பேசுகிறார். தேவைப்பட்டால் டிரமடால் (மார்ஃபின் வகை வலி மருந்து) ஊசி என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கொடுத்தால் பழகிவிடும் என்று வார்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?”

முதலில் அவரை நம்புங்கள், தங்கச்சி. வலியை அளக்க தெர்மாமீட்டர் கிடையாது, நோயாளி சொல்வதுதான் அளவு. 1968-லேயே இதை அழுத்தமாக எழுதிய மார்கோ மெக்காஃபரியும் ஒரு நர்ஸ்தான். சிரிப்பது, டிவி பார்ப்பது, ஏன், கண்ணை மூடித் தூங்குவதுகூட வலியிலிருந்து மனதைத் திருப்ப மனிதர் கண்டுபிடிக்கிற வழியாக இருக்கலாம். படுத்திருக்கும்போது மட்டும் கேட்காமல் இருமச் சொல்லி, எழுந்து உட்காரச் சொல்லியும் கேளுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி கட்டி நிமோனியா வரை போகும்.

எண்ணோடு நிறுத்தாதீர்கள். நம் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்துதானே பேசுகிறோம், ஒரு பாட்டி ‘கடச்சில்’ என்பார், இன்னொருவர் ‘நீற்றல்’ என்பார், இரண்டும் ஒன்றல்ல. கடச்சில் என்றால் மூட்டுக் குடைச்சல், பாரசிட்டமாலோ டைக்ளோஃபெனாக்கோ பெரும்பாலும் கேட்கும். நீற்றல் என்றால் எரிச்சல். அதோடு ஷாக் அடிப்பது போல இருக்கிறது என்றும் சொன்னால் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு இந்த மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது, அமிட்ரிப்டிலின், பிரீகபாலின் போன்றவற்றை டாக்டர் யோசிப்பார். நான் மாணவியாக இருந்தபோது எல்லாவற்றையும் ‘வலி’ என்றே எழுதி வைப்பேன். சர்க்கரை நோயால் கால் எரிந்த ஒரு அம்மா அதனால் பல நாள் பிரயோஜனமில்லாத மாத்திரையை விழுங்கினார், எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. அவர் சொன்ன சொல்லையே சார்ட்டில் எழுதுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். டிரமடால் கொடுக்கும் முன் வலிப்பு நோய் உண்டா, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள், இரண்டில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் போடக் கூடாது. தலையணைக்கு அடியில் என்ன மாத்திரை வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, ஒல்லியானவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் அதைவிடக் குறைவு. வார்டில் டிரிப்பில் 1 கிராம் போகும், கூடவே வீட்டிலிருந்து கொண்டுவந்த டோலோ 650, சளி மாத்திரை, அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரை எல்லாவற்றிலும் அதே பாரசிட்டமால்தான் இருக்கும், யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. டைக்ளோஃபெனாக் என்றால் சிறுநீர் அளவு, அல்சர், ஆஸ்துமா மூன்றையும் பார்க்க வேண்டும்.

பழகிவிடும் என்ற பயம்தான் நம் வார்டுகளில் அதிக வேதனையைக் கொடுக்கிறது. ஆபரேஷன் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் சில நாள் கொடுத்து ஒருவர் அடிமையாவது அரிது. நாளாக நாளாக மருந்து கூடுதலாகத் தேவைப்படுவதும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவிப்பதும் வேறு, போதைக்காகத் தேடி அலைவது வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம், 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண கிளினிக் தொடங்கி, புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் மாத்திரையையே கொடுத்து நிம்மதியாகத் தூங்க வைத்தார்கள்.

பயப்பட வேண்டியது மயக்கத்துக்கு. மார்ஃபின் வகை மருந்து கூடிப்போனால் பெரும்பாலும் மூச்சு குறையும் முன்பே தூக்கக் கலக்கம் வரும், பேச்சின் நடுவிலேயே கண் செருகும். அந்த நேரத்தில் அடுத்த டோஸை நிறுத்தி, மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ணி, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மார்ஃபினை முறிக்கும் மருந்தான நலாக்சோன் போட்டு விழித்துவிட்டாலும் விட்டுப் போகாதீர்கள், அதன் வேலை பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், உள்ளே மார்ஃபின் மிச்சமிருந்தால் மறுபடி மூச்சு இறங்கும்.

வலி உச்சிக்குப் போகும்வரை காத்திருந்து ஊசி போடாதீர்கள், ஏறிய வலியை இறக்க அதிக மருந்து வேண்டியிருக்கும். நரம்பில் போட்டால் அரை மணி, மாத்திரை என்றால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போய், எட்டு இப்போது எத்தனை என்று கேட்டு அதையும் சார்ட்டில் எழுதுங்கள். குறையவில்லை என்றால் அன்று இரவே டாக்டரிடம் சொல்லுங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை விடாதீர்கள்.