சரக்கு விமான நிறுவனத்தில் பறக்காத வேலைகள் என்னென்ன? அதில் சேர்ந்துவிட்டுப் பிறகு பைலட் ஆக முடியுமா?

முடியும். ஆனால் அலுவலகத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் உங்கள் லாக் புக்கில் (பறந்த மணிக் கணக்கில்) ஒரு நிமிடம்கூட ஏறாது. பைலட் சீனியாரிட்டி நடைமுறை உள்ள நிறுவனங்களில் உங்கள் சீனியாரிட்டி எண்ணும் பொதுவாக நீங்கள் பைலட்டாகச் சேரும் நாளிலிருந்துதான் தொடங்கும்; முந்தைய அலுவலக வருடங்கள் அதில் சேராது. அந்த வேலை தருவது சம்பளமும் உள்ளே நடப்பதைக் கற்கும் வாய்ப்பும்தான். இரண்டாவது எவ்வளவு கிடைக்கும் என்பது எந்தப் பிரிவில் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

காக்பிட்டுக்கு மிக நெருக்கமானது ஃப்ளைட் டிஸ்பேட்ச். பாதை, வானிலை, நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகள்), மாற்று விமான நிலையம், எரிபொருள் எல்லாவற்றையும் பார்த்து ஃப்ளைட் பிளான் போடுபவர்கள் இவர்கள். எரிபொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: டாக்ஸிக்கு (தரையில் ஓடுவதற்கு), பயணத்துக்கு, எதிர்பாராததற்காக வழக்கமாகப் பயண எரிபொருளில் 5 சதவீதம், இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் வரை, அதற்கும் மேல் 1,500 அடியில் 30 நிமிடம் சுற்றுவதற்கான இறுதிக் கையிருப்பு. 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னும் 5 டன் போட முடியாது. நீண்ட பயணத்தில் அந்தக் கூடுதல் எரிபொருளில் கணிசமான பங்கு அதைச் சுமப்பதற்கே எரிந்துபோகும். விமானம் ஏற்கெனவே எடை வரம்பில் இருந்தால் 5 டன் சரக்கைக் கீழே விட்டுப் போக வேண்டும். வணிகப் பிரிவோடு தினமும் இழுபறி இதில்தான்.

அமெரிக்காவில் பெரிய நிறுவன விமானங்களுக்குப் பொதுவாக டிஸ்பேட்சரும் கேப்டனும் கூட்டுப் பொறுப்பு. அங்கே உரிமம் பெற 23 வயது ஆகியிருக்க வேண்டும், பயிற்சி வகுப்பு குறைந்தது 200 மணி. வேலையில் சேர்ந்த பிறகு ஆண்டுக்கு 5 மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். மற்ற பல நாடுகளில் முழுப் பொறுப்பும் கேப்டனுக்கே. டிஸ்பேட்சர் திட்டம் போட்டுக் கொடுப்பவர். விளம்பரத்தைக் கவனமாகப் படியுங்கள்: விமானத்தடியில் நின்று ஏற்றி இறக்குவதை ஒருங்கிணைக்கும் வேலைக்கும் இதே பதவிப் பெயரை வைப்பார்கள்.

அடுத்தது லோட் கன்ட்ரோல். சரக்கு விமானத்தை உண்மையில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. 747-400 ஃப்ரெய்ட்டரின் மேல்தளத்தில் 30 பேலட் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டு) இடங்கள். 96×125 அங்குல பேலட் ஒன்று அதிகபட்சம் 6,804 கிலோ வரை போகும். எந்த பேலட் எந்த இடத்தில் என்பதை வைத்து மொத்த எடையும் ஈர்ப்பு மையமும் கணக்கிட்டு லோட் ஷீட் தயாரிக்க வேண்டும். இரண்டு பேலட்டுகள் இடம் மாறி ஏறிவிட்டால் மொத்த எடை சரியாகவே காட்டும், மையம் மட்டும் தவறும். கேப்டன் வைக்கும் ஸ்டெபிலைசர் டிரிம் (வால் சிறகின் கோண அமைப்பு) அதோடு பொருந்தாமல், ஓடுபாதையில் மூக்கு எதிர்பார்த்ததற்கு முன்பே எழும், அல்லது எழ மறுக்கும். தரையிலும் ஆபத்து உண்டு: முன்பக்கம் காலியாக இருக்கும்போது பின்பக்கம் ஏற்றினால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் ஏற்றும்போது முன்பக்கம் முதலில், இறக்கும்போது பின்பக்கம் முதலில்.

இந்தக் கணக்குகளின் விலை என்ன என்பதற்கு மூன்று விபத்துகள் போதும். 2004-இல் ஹாலிஃபாக்ஸில் எம்.கே. ஏர்லைன்ஸ் 747 முந்தைய பயணத்தின் எடையை வைத்துக் கணக்கிட்ட வேகத்திலும் உந்துவிசையிலும் புறப்பட முயன்று நொறுங்கியது. 2013-இல் பாக்ராமில் நேஷனல் ஏர்லைன்ஸ் 747-இல் சரியாகக் கட்டப்படாத கவச வாகனம் பின்னால் நகர்ந்து ஹைட்ராலிக்ஸையும் ஸ்டெபிலைசர் இயக்கத்தையும் உடைத்தது. இரண்டிலும் 7 பேர் வீதம் இறந்தார்கள். 2010-இல் துபாயில் யூ.பி.எஸ். 747-ஐ வீழ்த்திய தீ, லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தொடங்கியது. தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற இப்போது தடை; சரக்கு விமானத்திலும் பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. எந்த ஆபத்தான சரக்கு எங்கே இருக்கிறது என்று கேப்டனிடம் நோட்டாக் என்ற எழுத்துபூர்வ அறிவிப்பைக் கொடுப்பது தரைப்பிரிவின் வேலை.

க்ரூ ஷெட்யூலிங்கில் விமானத் தொழில்நுட்பம் குறைவு; ஆனால் பைலட் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும். மெம்ஃபிஸ், லூயிவில், லைப்ஸிக் போன்ற மையங்களுக்கு எக்ஸ்பிரஸ் விமானங்கள் இரவில் வந்து, சரக்கு பிரிக்கப்பட்டு, விடியும் முன்னே கிளம்பும். ஒரு தாமதம் வந்தால் பைலட்டின் பணி நேர வரம்பு தாண்டிவிடும். ஸ்டாண்ட்பையில் (மாற்றாகக் காத்திருப்பில்) இருக்கும் பைலட்டை எழுப்பியாக வேண்டும். அமெரிக்காவில் 2014-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வு விதிகள் சரக்கு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மெயின்டனன்ஸ் கன்ட்ரோலுக்குப் பெரும்பாலும் எஞ்சினியர் பின்புலம் கேட்பார்கள். எந்தக் கோளாறுகளைப் பிறகு சரிசெய்யலாம் என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியலில் பி வகைக் கோளாறுக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள் அவகாசம். அதைத் துரத்துவதுதான் அங்கே வேலை. சார்ட்டர் விற்பனை, ரெவின்யூ, கணக்குப் பிரிவுகள் நல்ல வேலைகள்தான். காக்பிட் கனவுக்கு அதிகம் உதவாது.

இனி பைலட் பக்கம். ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை. நிறப்பார்வை, காது, இதயம் எதில் சிக்கல் இருந்தாலும் பயிற்சிக்கு முன்பே தெரிய வேண்டும். சர்வதேசக் குறைந்தபட்சப் பறப்பு நேரம் சி.பி.எல். என்ற வணிக பைலட் உரிமத்துக்கு 200 மணி (அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் 150), ஏ.டி.பி.எல். என்ற ஏர்லைன் பைலட் உரிமத்துக்கு 1,500 மணி. அமெரிக்காவில் ஏர்லைன் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கே பொதுவாக 1,500 தேவை. 200 மணியோடு நேராக அகல உடல் ஃப்ரெய்ட்டரில் இடம் கிடைப்பது அபூர்வம். வழக்கமான வழி, பயிற்றுநர் வேலை அல்லது செஸ்னா கேரவன், ஏ.டி.ஆர். போன்ற புரொப்பெல்லர் விமானங்களை ஓட்டும் ஃபீடர் நிறுவனங்கள் (பெரிய மையங்களுக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்ப்பவை), பிறகு ஜெட். பயிற்றுநராக இருந்தால் மணி வேகமாக ஏறும். ஃபீடரில் மோசமான வானிலையில் இரவில் பறந்த அனுபவம் சேரும். சரக்கு நிறுவனங்கள் தேடுவது இரண்டாவதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

வாய்ப்புகள் ஏறி இறங்கும். கொரோனா காலத்தில் பயணிகள் விமானங்கள் நின்று அவற்றின் அடித்தளச் சரக்கு இடம் காணாமல் போனதால் ஃப்ரெய்ட்டர்களுக்கு அடித்தது யோகம். 2023 வந்தபோது அமெரிக்காவின் பெரிய சரக்கு நிறுவனங்களில் பைலட்டுகள் தேவைக்கு அதிகமாக இருந்தார்கள். ஏற்றத்தில் கடன் வாங்கிப் பயிற்சி முடித்து இறக்கத்தில் வேலை தேடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அலுவலகச் சம்பளம் அந்த இடைவெளியைத் தாங்கும் என்பது இந்த வழியின் உண்மையான லாபம்.

பெரிய சிக்கல் ஷிப்ட். இரவு முழுக்க மானிட்டர் பார்த்துவிட்டு காலை எட்டு மணிக்குப் பயிற்சி விமானத்தில் ஏறக் கூடாது. மணிக்கு மணி பணம் கட்டிக் கற்பது தூக்கக் கலக்கத்தில் மனதில் நிற்காது, ஆபத்தும்கூட. 4 நாள் வேலை, 4 நாள் விடுப்பு போன்ற ரோஸ்டர் இருந்தால் விடுப்பின் இரண்டாம், மூன்றாம் நாளில் பயிற்சி வைத்துக்கொள்ளலாம். நேர்காணலில் ரோஸ்டர் எப்படி என்று முதலில் கேளுங்கள். உள்ளிருந்து பைலட்டாக மாறியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எத்தனை மணியோடு விண்ணப்பித்தார்கள் என்றும் கேளுங்கள். 'பார்த்துக்கொள்ளலாம்' என்று மழுப்பினால் அப்படி ஒரு வழி அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சிச் செலவை நிறுவனம் ஏற்கும் என்றால் பாண்ட் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், மருத்துவத் தகுதி போய்விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.