டெல்லியில் .22 ரைஃபிள் சுட எங்கே போவது?

மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "திருச்சியில் கல்லூரி படிக்கும்போது என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன். வேலைக்கு டெல்லி வந்த பிறகு அது விட்டுப்போனது. இப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்று தேடினால் போகிற இடமெல்லாம் ஏர் ரைஃபிள்தான் இருக்கிறது. யாராவது ஒரு ரேஞ்ச் பெயர் சொல்கிறார்கள், ஒரு மாதம் கழித்து அது எங்கே இருந்தது, என்ன சொன்னார்கள் என்பதே நினைவில்லை. எப்படித் தேடுவது, எப்படிக் குறித்து வைப்பது?"

போனில் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை மீட்டர் ரேஞ்ச்?" என்பதுதான். டெல்லியில் ஷூட்டிங் அகாடமி என்று போர்டு வைத்திருக்கிற இடங்களில் பெரும்பாலானவை காற்றழுத்தத்தில் சுடுகிற 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் மட்டும் கற்றுத்தருபவை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு மாடியிலோ பேஸ்மென்ட்டிலோ அதை நடத்திவிடலாம், 20 ஜூல் ஆற்றலுக்கு மிகாத .177 அங்குல ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸும் வேண்டாம். .22 அப்படி இல்லை. விளிம்பில் பற்றவைப்பு மருந்து வைத்த சின்னத் தோட்டாதான், ஆனால் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். குண்டைத் தாங்க உறுதியான தடுப்பு வேண்டும், நீளமான இடம் வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் வைக்க அனுமதி வேண்டும். அதனால்தான் இவ்வளவு பெரிய ஊரில்கூட விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கிடைக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "எங்களிடம் .22 இருக்கிறது" என்று சொல்லுவார்கள், போய்ப் பார்த்தால் அது 25 மீட்டர் பிஸ்டல் ரேஞ்ச். ஸ்போர்ட்ஸ் பிஸ்டலுக்கும் இதே .22 தோட்டாதான். உங்களுக்கு வேண்டியது 50 மீட்டர். என்.சி.சி.யில் நீங்கள் சுட்டதும் அநேகமாக 25 மீட்டரில்தான் இருக்கும், அதனால் 50 மீட்டர் முதலில் கண்ணுக்குப் புதிதாக இருக்கும். பத்து புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அது இந்த 50 மீட்டர் ரைஃபிளில்தான்: மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலைகள்.

டெல்லியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் ஷூட்டிங் ரேஞ்ச். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டி, 2010 காமன்வெல்த் போட்டிக்காகப் புதுப்பித்தார்கள். 10, 25, 50 மீட்டர் மூன்றும் அங்கே உண்டு. இந்திய விளையாட்டு ஆணையத்தின் கையில் இருப்பதால் தேசியத் தேர்வுப் போட்டி, உலகக் கோப்பை என்று எது வந்தாலும் பொதுப் பயிற்சி நின்றுவிடும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வழி சொல்லும்போதும் கவனம் வேண்டும். துக்ளகாபாத் என்ற பெயரில் கோட்டை இருக்கிறது, கிராமம் இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, மெட்ரோவும் இருக்கிறது, ஆட்டோக்காரர் இதில் எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். "சூரஜ்குண்ட் ரோட்டில் ஷூட்டிங் ரேஞ்ச்" என்று சொன்னால் சரியாகக் கொண்டுபோய் விடுவார்.

அதைத் தாண்டித் தேட எனக்கு நம்பிக்கையான வழி ஒன்றுதான்: போட்டி அறிவிப்புகளைப் படிப்பது. இந்திய தேசிய ரைஃபிள் சங்கமும் டெல்லி மாநில ரைஃபிள் சங்கமும் விடுகிற அறிவிப்பில் எந்தப் போட்டி எந்த ரேஞ்சில் என்று போட்டிருப்பார்கள். 50 மீட்டர் ரைஃபிள் போட்டி நடக்கிற இடத்தில் .22 சுடுகிற வசதி இருந்தே ஆக வேண்டும். கூகுள் மேப்பில் வருகிற ஐந்து நட்சத்திரத்தைவிட இது நூறு மடங்கு நம்பகமானது. மேப்பில் போலீஸ், ராணுவ ரேஞ்சுகளும் வரும், அங்கே நம்மை உள்ளே விடமாட்டார்கள். குருகிராம் பக்கம் காதர்பூரில் சி.ஆர்.பி.எஃப். ரேஞ்ச் இருக்கிறது, 2010 காமன்வெல்த்தில் பெரிய தோட்டாப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அதைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

அப்புறம் குறித்து வைக்கிற விஷயம். பெயரை மட்டும் போனில் சேமித்தால் நிச்சயம் மறந்துபோகும். ஒவ்வொரு இடத்துக்கும் மேப்பில் ஒரு பின் போட்டு, அதன் பெயரையே "50 மீ, ரைஃபிள், கிளப் துப்பாக்கி உண்டு" என்று மாற்றி வையுங்கள். ஏர் மட்டும்தான் என்று தெரிந்த இடத்தையும் அழிக்காமல் "10 மீ மட்டும்" என்று எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து இன்னொருவர் சொல்லி அங்கேயே மறுபடி போவீர்கள். பின்னுக்குள் சில வரிகள் போதும்: உறுப்பினர் கட்டணம் தனியா, லேன் (சுடுகிற தடம்) கட்டணம் தனியா; தோட்டா அவர்கள் தருவார்களா, என்ன விலை; .22 எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதியில் கேட்டது. தேதியை விட்டுவிடாதீர்கள். நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று மாதம் பழசான தகவலை மறுபடி கேட்டுத்தான் நம்ப வேண்டும். முக்கியமாக, தோட்டா இருப்பு. போட்டித் தரத் தோட்டா வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ரேஞ்ச் திறந்திருந்தும் தோட்டா இல்லாமல் சும்மா திரும்புகிற நாட்கள் உண்டு.

பருவத்தையும் எழுதி வையுங்கள். 50 மீட்டரில் பெரும்பாலும் சுடுகிறவர் மட்டும் கூரைக்குக் கீழே இருப்பார், நடுவில் திறந்த வெளி. டிசம்பர், ஜனவரி காலைப் பனியில் இலக்கே தெரியாது. மே மாதம் மதியம் கானல் அலையில் கறுப்பு வட்டம் ஆடும். நொய்டாவோ ஃபரிதாபாத்தோ பக்கம் என்று பின் போடும்போது மாநிலத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிற்பாடு சொந்தத் துப்பாக்கி வாங்கினால், லைசென்ஸ் டெல்லிக்கு மட்டும் செல்லுமா நாடு முழுவதுக்குமா என்பதைப் பொறுத்து டெல்லி எல்லையைத் தாண்டி நொய்டாவுக்குள் நுழைவதே சட்டச் சிக்கலாகலாம்.

லைசென்ஸுக்கு இப்போதே ஓட வேண்டாம். முதலில் கிளப் உறுப்பினராகுங்கள், கிளப் துப்பாக்கியில் கோச் முன்னிலையில் சுடுங்கள். என்.சி.சி. சான்றிதழ் இருந்தால் கையோடு கொண்டு போங்கள், நீங்கள் துப்பாக்கி பிடித்துப் பழகியவர் என்பது கோச்சுக்கு உடனே புரியும். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் விடாமல் போய் வந்த பிறகு, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு டெல்லி போலீஸின் லைசென்ஸ் பிரிவில் விண்ணப்பிக்கலாம்.