படுத்தால் சிங்கப்பூர், எழுந்தால் பட்டறை

கேள்வி: வயது 46. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். காலை 6 மணிக்கு இறங்கினால் இரவு 8 ஆகிவிடும். ஞாயிறும் லீவு கிடையாது. 2006இல் சிங்கப்பூர் வேலைக்கு பெர்மிட் வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் போகவில்லை. கூடப் படித்தவன் போய்ச் சம்பாதித்து, காரைக்குடியில் வீடு கட்டிவிட்டான். படுத்தால் அதே நினைப்பு. 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. தலை பாரம், முதுகுவலி வேறு. மெடிக்கலில் பி.பி. பார்த்தேன், 150/96. தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: அச்சுக்காகச் சுருக்கியிருக்கிறேன். அசல் கடிதம் நான்கு பக்கம். அதில் வேலையைப் பற்றி ஐந்தாறு வரிதான், மீதியெல்லாம் சிங்கப்பூர்.

முதலில் பி.பி. ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு வீட்டில் பார்த்து எழுதிவையுங்கள். சராசரி 135/85ஐத் தாண்டினால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். முதுகுவலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

14 மணி நேரம், 7 நாள். வாரத்துக்கு 98 மணி! உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35-40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். உங்கள் அப்பாவுக்கும் வந்திருக்கிறது. அதனால் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஈசிஜி எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, ஞாயிறுகூட ஏன் லீவு இல்லை? ஆர்டர் நெருக்கடி என்கிறீர்கள். ஆனால் மூன்றாம் பக்கத்தில், 'சும்மா இருந்தால் அந்த நினைப்பு வந்துவிடும், அதனால் எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்வேன்' என்றும் இருக்கிறது. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றும்போது கவனம் பிசகினால் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். அந்த நேரத்தில் வேறு நினைப்புக்கு இடமில்லை. பகலெல்லாம் தள்ளிவைத்தது, படுத்ததும் மொத்தமாக வருகிறது. தூக்கம் கெடுகிறது, மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது, அதற்கு மேல் இன்னும் வேலை. தூக்க மாத்திரை இதில் எதையும் மாற்றாது. இப்போது வேண்டாம்.

அந்த நினைப்புக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாலை 6 மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு இருபது நிமிடம், ஒரு நோட்டு. ஒரு பக்கம், 2006இல் உங்களுக்குத் தெரிந்திருந்தது. எதிர்ப்பக்கம், பிறகு தெரிந்துகொண்டது. நண்பர் வீடு கட்டியது எந்தப் பக்கம் வரும் என்று பாருங்கள். நீங்கள் நினைத்துப் பார்க்கிற சிங்கப்பூரில் வாடகை கிடையாது, ஓவர்டைம் கிடையாது, சூப்பர்வைசர் திட்டுவதும் கிடையாது. அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார் என்பதை அடைப்புக்குறிக்குள் ஒற்றை வரியாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். இரவில் நினைப்பு வந்தால் 'நாளைக்கு 6 மணிக்கு' என்று தள்ளிவிடுங்கள். முதல் வாரம் கேட்காது, விடாமல் செய்யுங்கள்.

அப்புறம், மதியம் 2 மணிக்கு மேல் டீ வேண்டாம். ஒரு நாளைக்கு ஏழு டீ என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, நானும் டீக்காரன்தான். ஞாயிறு அரை நாளாவது பட்டறையைப் பூட்டுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன என்று தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம். 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அதிகாலை விழிப்பு மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். அதனால் பி.பி. எழுதிய தாளோடு மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சிங்கப்பூர் கதையையும் அவரிடம் சொல்லுங்கள்.